தஞ்சைக் கோட்டையும் நாகூர் மனாராவும்

நாகூரில் சுபுஹு தொழுதுவிட்டுப் பேருந்து ஏறினால், தஞ்சைக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இஷாவுக்குள் திரும்பிவிடலாம். ஆயினும் ஜியாரத்துக்கு வரும் நம் குடும்பங்களுள் சிலரே அவ்வாறு செல்கின்றனர். நாயக்கரும் மராட்டியரும் ஆண்ட கோட்டையோடு நமக்கு என்ன உறவு என்ற எண்ணம் போலும். உறவு உண்டு, நெருங்கிய உறவே உண்டு.

தஞ்சையில் கோட்டைகள் இரண்டு. பெரிய கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் உள்ளடக்கியது சின்னக் கோட்டை. அரண்மனையையும் நான்கு ராஜவீதிகளையும் வளைத்து நின்றது பெரிய கோட்டை. சின்னக் கோட்டையின் மதிலையும் அகழியையும் இன்றும் காணலாம். பெரிய கோட்டை மதிலோ பெரும்பாலும் அழிந்துபட்டது. கீழ அலங்கம், மேல அலங்கம் என்னும் தெருப் பெயர்களில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலங்கம் என்றால் கோட்டைக் கொத்தளம்.

1749இல் சந்தா சாகிபு பிரெஞ்சுக்காரர் துணையோடு இக்கோட்டையை முற்றுகையிட்டார். மன்னர் பிரதாப சிங் பெருந்தொகைக்குக் கடன் முறி எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அந்த முறியில் 56 லட்சம் ரூபாய் நிலுவை என்று சொல்லிக்கொண்டு 1758இல் வந்தார் பிரெஞ்சுத் தளபதி லாலி. சென்னையைப் பிடிக்கப் படை இருந்தது, பணம் இல்லை.

காரைக்காலிலிருந்து புறப்பட்ட அவர் முதலில் கைவைத்தது நாகூரில்தான். வணிகர்கள் விலையுயர்ந்த பொருள்களை முன்னரே அப்புறப்படுத்திவிட்டனர். எஞ்சிய சரக்குகளைத் தம் குதிரைப்படைத் தலைவருக்கே குத்தகை பேசிவிட்டார் லாலி. அடுத்துக் கீழ்வேளூர். அங்கே கோயிலில் புதையல் தேடினார். அர்ச்சகர்களான அந்தணர் அறுவரை ஒற்றர் என்று ஐயுற்றுப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். நாகூர் மரக்காயரின் பண்டகசாலையும் கீழ்வேளூர் அந்தணரின் உயிரும் அவருக்கு ஒரே கணக்குத்தான்.

தஞ்சை மதிலில் உடைப்பு ஏற்பட்டது உண்மை. ஆனால் மருந்தும் குண்டும் தீரும் நிலை. அந்த வேளையில், கடற்போரில் பிரெஞ்சுக் கப்பல்கள் பின்னடைந்தன என்றும், காரைக்காலுக்கு ஆபத்து என்றும் செய்தி வந்தது. ஆகஸ்டு மாதத்தில் லாலி முற்றுகையைக் கைவிட்டார். தஞ்சைக் குதிரைவீரர்கள் வழியெல்லாம் விரட்டினர்.

அன்று கோட்டையைக் காத்த அதே பிரதாப சிங்தான், ஹஜ்ரத் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் தர்காவில் 131 அடி உயரமுள்ள பெரிய மனாராவை எழுப்பியவர். சந்தா சாகிபுக்கு அஞ்சிச் செய்த காரியமன்று அது. சந்தா சாகிபு 1752இலேயே தஞ்சைத் தளபதி மானோஜியின் கையில் சிக்கிக் கொல்லப்பட்டவர். அந்தப் போரில் தஞ்சைப் படை நின்றது இன்னொரு முஸ்லிமான முகம்மது அலியின் பக்கம். மதத்தை வைத்து இப்போர்களுக்குக் கட்சி பிரிப்போர் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும்.

அந்த முகம்மது அலி வாலாஜாவே, 1773இல் கும்பினிப் படையைக் கொண்டு, பிரதாப சிங்கின் மகன் துளஜாவிடமிருந்து கோட்டையைப் பறித்தார். இதை நம்மவர் வெற்றியென நினைத்து மகிழ்வதற்கில்லை. நவாபோ கழுத்தளவு கடனில் இருந்தவர். தஞ்சைச் சீமையின் வருவாய் அவருடைய கடன்காரர்களுக்கு ஈடாயிற்று. பென்பீல்டு என்ற கும்பினி உத்தியோகஸ்தர், வயலில் நின்ற நெல்லின்மீதும் பாத்தியதை கோரினார். 1776இல் துளஜாவுக்கு நாட்டை மீட்டுக் கொடுத்த கவர்னர் பிகட்டை, அவருடைய சபையினரே கைது செய்தனர். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார்.

சின்னக் கோட்டை அகழியை அஸருக்குப் பின், வெயில் தாழ்ந்ததும் பார்ப்பது நல்லது. திரும்பும் பேருந்து திருவாரூரைக் கடந்து கீழ்வேளூர் வழியாகவே வரும். காலையில் தூக்கத்தில் அவ்வூரைக் கடந்த பிள்ளைகளை அப்போது எழுப்பிக் காட்டுங்கள்.