ஓஸ்லோவில் வண்டி நிற்க இடம்

மின்சாரக் கார்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் பாட்டரியின் அபிவிருத்தியைப் பற்றியே விஸ்தாரமாக எழுதுகிறார்கள். ஆனால் நார்வேயின் தலைநகரான ஓஸ்லோவைப் பொறுத்தவரை, ஒரு வண்டி எந்த இடத்தில், எவ்வளவு நேரம், என்ன கட்டணத்தில் நிற்கலாம் என்று வகுத்த விதிகளுக்கு அந்தச் சரித்திரத்தில் பாட்டரிக்குச் சமமான ஸ்தானம் உண்டு என்பது என் துணிபு.

1989-ஆம் வருஷம், பெல்லோனா என்னும் சுற்றுச்சூழல் ஸ்தாபனத்தின் ஃப்ரெடெரிக் ஹௌகேயும், பிரசித்தி பெற்ற ஆ-ஹா இசைக்குழுவைச் சேர்ந்த மார்ட்டன் ஹார்க்கெட்டும் மாக்னே ஃபுருஹோல்மனும், மின்சாரத்தில் ஓடும்படி மாற்றியமைத்த ஃபியட் பாண்டா கார் ஒன்றைத் தருவித்தார்கள். புகை கக்காத வண்டிக்குச் சுங்கம் எதற்கு என்று அவர்கள் சாவடிகளில் பணம் கட்ட மறுக்க, அபராதம் மேன்மேலும் சேர, அதிகாரிகள் வண்டியைப் பறிமுதல் செய்து ஏலத்தில் விட, அதை அவர்கள் தரப்பினரே மீட்டெடுத்து மறுபடியும் வீதியில் ஓட்டினார்கள். சட்டத்தை மீறிய அந்தப் பிடிவாதத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். பொதுநன்மைக்காகத் தண்டனையை ஏற்கத் துணிந்தவர்களின் செய்கை அது. 1990-இல் இறக்குமதி வரியும், 1997-இல் சாலைச் சுங்கமும் மின்சாரக் கார்களுக்கு நீங்கின. 1999-இல் நகராட்சி நிறுத்துமிடங்களில் அவை இலவசமாக நிற்கும் உரிமையைப் பெற்றன. மின்சாரத்தின் பெரும்பகுதியை நீர்வீழ்ச்சிகளிலிருந்தும் நதிகளிலிருந்தும் பெறும் தேசத்துக்கு இச்சலுகைகள் இயல்பாகவே பொருந்தின.

நிற்க இடம் கிடைத்தபின் சார்ஜ் ஏற்ற வசதி வேண்டுமே! 2008-இல் ஓஸ்லோ நகராட்சி, தெருவோரங்களில் 400 சார்ஜிங் முனைகளை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கி, நிற்பதையும் சார்ஜ் ஏற்றுவதையும் ஒருங்கே இலவசமாக்கியது. வண்டிகள் சொற்பமாக இருந்தவரை இது உத்தமமான ஏற்பாடுதான். அவை பெருகியபோதோ, சார்ஜ் நிரம்பிய பிறகும் இடத்தை விட்டு நகர ஒருவருக்கும் காரணம் இல்லாமற்போயிற்று; மின்சாரத்தைக் காட்டிலும் தெருவோர இடமே அரிய வஸ்துவாயிற்று. 2019-இல் நகராட்சி சார்ஜிங்குக்குக் கட்டணம் விதித்ததைச் சிலர் வாக்குத் தவறியதாகக் கருதலாம். எனக்கோ அது நியாயமாகவே தோன்றுகிறது. சிலரை ஊக்குவிக்கப் பிறந்த சலுகை எல்லோருக்கும் உரியதானபின், அதன் செலவை ஏற்க வேறு யார் மிஞ்சியிருக்கிறார்கள்? 2024-இல் நார்வேயில் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்குச் சுமார் 89 மின்சாரத்தில் ஓடுபவை.

அடுக்குமாடி வீடுகளில் வசிப்போர் மிகுந்த ஓஸ்லோவில், தெருவில் தீர்ந்த பிரச்சினை கட்டிடங்களின் அடித்தளத்தில் மறுபடியும் எழுந்தது. 2017-இல் இயற்றப்பட்டு அடுத்த வருஷம் அமலுக்கு வந்த குடியிருப்புச் சட்டம், தம் வாகனத்துக்குச் சார்ஜிங் முனை அமைக்க விரும்பும் உரிமையாளருக்கு, தக்க காரணமின்றி நிர்வாகக் குழு அனுமதி மறுக்கலாகாது என்று விதித்தது. அதன்பின், முனை வைக்கலாமா என்ற விவாதம் அடங்கி, பல வண்டிகள் ஒரே இரவில் மின்சாரம் இழுத்தால் கட்டிடத்தின் இணைப்பு தாங்குமா, அதை வலுப்படுத்தும் செலவை யார் யார் பகிர்வது என்பவையே குடியிருப்போர் கூட்டங்களின் விஷயங்களாயின.