பருத்தித்துறைக்கு வரும் விருந்தினர்க்கு நாம் காட்டத்தக்கவை

விருந்தோம்பலுக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். அதனைப் பாடசாலையில் மனனஞ் செய்து ஒப்புவித்தவர்கள் நாம். விருந்தினரை வாயிலில் நின்று வரவேற்கவும், இலை போட்டு அமுது படைக்கவும் எம் இல்லத்தார் எம்மைப் பழக்கியிருக்கின்றனர். ஆயினும், உண்டு கைகழுவிய விருந்தினர், "உங்கள் ஊரிலே பார்க்கத்தக்கவை யாவை?" என்று வினவும்போது நாம் விழிக்கின்றோம். "கோயில் உண்டு; கடல் உண்டு; வெளிச்ச வீடும் உண்டு" என்பதற்கு மேல் எமக்கு வார்த்தை எழுவதில்லை.

சென்ற விடுமுறைக் காலத்தில் எமக்கு இக்குறை நன்கு புலனாயிற்று. கனடாவிலே பிறந்து வளர்ந்த உறவினர் ஒருவர், தம் பாட்டனார் பிறந்த ஊரைக் காணவென்று வந்திருந்தார். அவரைத் தும்பளை வீதி வழியே அழைத்துச் சென்றோம். தெருமூடிமடத்தை அடைந்ததும் அவர் நின்று, "வீதிக்கு ஏன் கூரை போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார். எம்முள் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. மடத்துத் திண்ணையிலிருந்த முதியவர் ஒருவர் எம்மைப் பார்த்துச் சிரித்தார். "தம்பியவை, நாளுக்கு நாலு தரம் இதுக்குள்ளாலை போறியள், ஒருநாளும் இதிலை இருக்கேல்லை" என்றார். அந்தச் சொல் எம்மைச் சுட்டது. இக்கட்டுரை அதன் விளைவேயாகும்.

பெயரின் வரலாறு

முதலில் ஊரின் பெயரை நோக்குவோம். பருத்தி ஏற்றியிறக்கப்பட்ட துறையாதலின் பருத்தித்துறை எனப் பெயர் பெற்றது என்பர். ஆங்கிலத்தில் வழங்கும் 'பொயின்ற் பீற்றோ' என்ற பெயரைக் கேட்போர், பேதுரு என்னும் பறங்கியர் ஒருவரின் பெயரால் இவ்வூர் அழைக்கப்படுகிறது என்று எண்ணுவதுண்டு. அது பிழை. போர்த்துக்கேயர் இம்முனையைக் 'கற்களின் முனை' எனப் பொருள்படத் தம் மொழியிற் குறித்தனர். கல்லைக் குறித்த அச்சொல்லே பின்வந்தோர் நாவில் ஓர் ஆளின் பெயராய்த் திரிந்தது. எம்மவர் வாணிகத்தால் இட்ட பெயரும், கப்பலோட்டி வந்தவர் பாறைக்கு அஞ்சி இட்ட பெயரும் ஓரூருக்கே இன்றும் வழங்குகின்றன. இது வந்தாரும் போவாருமாய் வாழ்ந்த துறைமுகம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

முனையும் வெளிச்ச வீடும்

விருந்தினரைக் காலை வேளையில் முனைப்பக்கம் அழைத்துச் செல்வது நன்று. இலங்கைத் தீவின் வட அந்தத்தில் நிற்கிறோம் என்ற உணர்வே அவர்க்குப் புதுமை தரும். அங்குள்ள வெளிச்ச வீடு 1916 ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது; அதன் உயரம் 32 மீற்றர். எதிரே விரிவது பாக்கு நீரிணை, அதற்கப்பால் கோடிக்கரை. போர்க்காலத்தில் இக்கரையின் பகுதிகள் நெடுநாளாக மக்கள் கால்படாத வலயமாய்க் கிடந்தன. 2009 இல் போர் முடிந்த பின்னரும் அந்நினைவு பெரியோர் மனத்தை விட்டு அகலவில்லை. அதையும் விருந்தினர்க்கு மறையாது சொல்ல வேண்டும்.

இங்கு நின்று மேற்கே கரையைக் காட்டி, அங்கே வல்வெட்டித்துறை உளது என்றும் கூறலாம். அவ்வூரார் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளாலேயே செலுத்தப்பட்டு, 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. எமது கடற்கரை வந்தவரை ஏற்றதோடு அமையாது, உலகின் மறுபுறத்திற்குத் தன் மக்களை விருந்தினராய் அனுப்பியும் வைத்தது.

தெருமூடிமடம்

இனி, எம்மை நாணச் செய்த மடத்திற்கு வருவோம். தும்பளை வீதியை மூடி நிற்பதால் இதற்குத் தெருமூடிமடம் என்று பெயர். கற்றூண்கள் தாங்கும் கூரையின் கீழ் வீதி ஊடறுத்துச் செல்ல, இருமருங்கிலும் உயர்ந்த திண்ணைகள் அமைந்துள்ளன. மோட்டார் வாகனம் அறியாத காலத்தில், துறைமுகத்திலிருந்து பொதி சுமந்தவரும், வல்லிபுரத்திற்கு நடந்த அடியவரும், மாட்டு வண்டிக்காரரும் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கவென்று எழுந்தது இது. வழிப்போக்கன் வீதியை விட்டு விலகி நிழல் தேட வேண்டியதில்லை. அவன் நடக்கும் வழியிலேயே நிழல் அவனை எதிர்கொள்கிறது! இதனினும் சிறந்த விருந்தோம்பலை யாம் கண்டதில்லை.

மடமும், கேணியும், சுமைதாங்கியும், மாடுகள் உடலுரைஞ்ச ஆவுரஞ்சிக்கல்லும் அமைத்தலை அறமெனக் கொண்டவர் எம் முன்னோர். சுமப்பவனின் தோளையும், வாயில்லாச் சீவனின் தினவையும் எண்ணிப் பார்த்த அந்நெஞ்சம் எத்தகையது! அரசர் கட்டிய கோட்டை வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. ஊரவர் கட்டிய மடம் இடம்பெறுவதில்லை. ஆனால் எவரையும் அஞ்சுவிக்கவன்றி, எவரும் இருந்து இளைப்பாறவே கட்டப்பட்டது மடம் என்பதை நாம் மறத்தலாகாது.

புளியமரமும் பாடசாலையும்

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோடு வந்தவர் பால்தேயு என்னும் பாதிரியார். பருத்தித்துறையில் ஒரு பெரும் புளியமரத்தின் கீழ் நின்று அவர் போதித்தார் என்பது வரலாறு. 1672 இல் அவர் வெளியிட்ட நூல், அக்கால யாழ்ப்பாணத்தையும் தமிழ் எழுத்தையும் ஐரோப்பியர்க்கு அறிமுகஞ் செய்தது. அப்புளியமரம் 1960 களில் வீசிய புயலில் வீழ்ந்துபட்டது. மரம் நின்ற இடம் பெரியோர் நினைவில் இன்னும் நிற்கின்றது.

1838 ஆம் ஆண்டில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் இங்கு நிறுவிய பாடசாலையே பின்னர் ஹாட்லிக் கல்லூரியாயிற்று. அப்பேர்சிவலோடு இருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர் எம் ஆறுமுக நாவலர். மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்த நாவலர், அக்கல்வி முறையின் வலிமையை உணர்ந்து, 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிறரிடம் நல்லதைக் கற்பதும், தம்முடையதைக் கைவிடாமையும் ஒருவரிடத்தே கூடி நிற்றல் இயலும் என்பதற்கு அவரே சான்று.

நாமும் மிஷனரிமார் தொடங்கிய பாடசாலையிற் பயின்றவர்களே. தாபகர் தினத்தில் கடல்கடந்து வந்த பாதிரிமாரின் பெயர்களை வரிசையாக ஒப்புவித்தோம். அவர்க்கு நன்றி பாராட்டுதல் தகும். ஆனால் மடங் கட்டியவர் யார், கேணி தோண்டியவர் யார் என்று நாம் ஒருவரையும் கேட்டிலோம். குறை பாடசாலையினதன்று, எம்முடையதே.

அயலிலுள்ள புலோலியையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். அகராதி தொகுத்தவரும் சைவப் பேச்சாளருமாகிய நா. கதிரைவேற்பிள்ளை (1871–1907) அவ்வூரிற் பிறந்தவர். சென்னைக்குச் சென்று வெஸ்லி கல்லூரியிலே தமிழாசிரியராயிருந்தபோது, அவரிடம் பாடங் கேட்ட மாணவருள் ஒருவரே பிற்காலத்தில் தமிழகம் போற்றிய திரு. வி. கலியாணசுந்தரனார்.

வல்லிபுரம்

பிற்பகலில் வல்லிபுரத்திற்குச் செல்லலாம். வெண்மணற் பரப்பின் நடுவே ஆழ்வார் கோயில் கொண்டிருக்கிறார். மூலத்தானத்தில் வழிபடப்படுவது சக்கரம். லவல்லி என்னும் பெண்ணின் மடியில் மீனொன்று துள்ளி வீழ்ந்து சக்கரமாயிற்று என்ற ஐதிகத்தை எம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். புரட்டாதி மாதச் சமுத்திர தீர்த்தத்தன்று கடற்கரையெங்கும் தலைகளாய்த் தோன்றும் காட்சியைக் கண்டவர் மறவார்.

இவ்வல்லிபுரத்தில் 1936 இல் ஒரு பொன்னேடு கிடைத்தது. பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் அமைந்தது அது. வசப மன்னன் காலத்தில் (கி.பி. 67–111), நாகதீவை அமைச்சன் ஒருவன் ஆண்டபோது, இங்கு விகாரையொன்று கட்டப்பட்டதை அது கூறுகிறது என்று பரணவிதான வாசித்தார். அவ்வாசிப்பையும் அதிலுள்ள பெயர்களையும் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உள. இவ்விடத்திற் கண்டெடுக்கப்பட்ட புத்தர் சிலையொன்றை ஆளுநர் பிளேக் 1906 இற் சீயதேசத்து மன்னருக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டார்.

இவற்றை விருந்தினர்க்குச் சொல்ல வேண்டுமா என்று சிலர் தயங்குவதுண்டு. பழமையைக் காட்டி நிலத்திற்கு உரிமை பேசும் காலத்தில் இத்தயக்கம் எழுதல் இயல்பே. எனினும் சொல்ல வேண்டும் என்பதே எமது துணிபு. மணிமேகலை என்னும் பௌத்த காப்பியத்தைத் தன் பெருங்காப்பியங்களுள் ஒன்றாய்ப் போற்றும் மொழி எமது மொழி. பௌத்தம் ஒருகாலத்தில் தமிழராலும் தழுவப்பட்ட சமயம். ஆகவே வல்லிபுரத்துப் பொன்னேடு எம்மை அந்நியராக்கும் சான்றன்று. எமது ஊர் ஈராயிரம் ஆண்டுகளாக மக்கள் வழங்கிய ஊர் என்பதற்குச் சான்று. நாம் அஞ்சி மௌனமாயிருப்போமாயின், வேறெவரோ தமக்கு வேண்டியவாறு அக்கதையைச் சொல்லிவிடுவர்.

வல்லிபுரத்திற்கு அப்பால் மணற்காடு. குன்றுகளாய் எழுந்த மணலும், அதிற் புதையுண்டு சுவர் மட்டும் தோன்றும் பழைய தேவாலயமும் அங்குள. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை மோதிய கரை இது. அங்கே சற்று மௌனமாய் நின்று வருவதே தகுதி.

மாலையில் வீடு திரும்புமுன் பருத்தித்துறை வடையை மறந்துவிடலாகாது! தட்டையாய்த் தட்டி, மொறுமொறுவெனப் பொரித்த இவ்வடை பல நாள் கெடாதிருப்பதால், கடல்கடந்து செல்வோர் பயணப்பெட்டியில் தவறாது இடம்பெறுகிறது. ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டு செல்வதில் எம் புலவர்க்கும் மாலுமிகட்கும் அடுத்தபடி வடைக்கே இடம் என்றால் மிகையாகாது.

முடிவாக

அன்பர்களே, இன்று எம்மூருக்கு வரும் விருந்தினருட் பலர் அந்நியரல்லர். போரினாலும் வறுமையினாலும் புலம்பெயர்ந்த எம்மவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே அவர்கள். தம் வேரைத் தேடி வருவோர்க்கு நாம் நிழற்படம் எடுக்கத்தக்க இடங்களை மட்டுங் காட்டி அனுப்புவோமாயின், அடுத்த தலைமுறை அதற்காகவும் வரப்போவதில்லை.

பெரியோர்களே, நீங்கள் அறிந்ததை எமக்குச் சொல்லுங்கள். எந்த மடத்தை எவர் கட்டினார், எந்தக் கேணியில் எவர் நீரள்ளினார் என்பன உங்களோடு மறைந்துவிடலாகாது. வாலிபர்களே, ஒவ்வொருவரும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, தத்தம் வீட்டு முதியவரிடம் ஒரு மாலைப்பொழுது இருந்து கேட்டு எழுதுவோம். அவற்றைத் தொகுத்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுதல் எமது சங்கத்தால் ஆகாத காரியமன்று.

அம்முதியவரின் சொல்லை நாம் மறக்கவில்லை. உறவினர் புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, அவரோடு தெருமூடிமடத்துத் திண்ணையில் ஏறி இருந்தோம். கடற்காற்று வீசியது. வீதியாற் போனவர்கள் எம்மை வியந்து நோக்கினர். அன்றுதான் எமது ஊருக்கு நாமும் முதன்முறையாக வந்து சேர்ந்தோம் என்று தோன்றியது.