ஆலய மணியும் இடிதாங்கியும்

1752 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆம் நாள். பாரிஸ் மாநகருக்கு வடக்கே மார்லி என்னும் சிற்றூர். அங்கே ஒரு தோட்டத்தில் ஏறத்தாழ 40 அடி உயரமுள்ள இரும்புக் கம்பி ஒன்று வானை நோக்கி நின்றுகொண்டிருந்தது. அதன் அடி நிலத்தைத் தொடாதவாறு, கண்ணாடிப் புட்டிகளின்மேல் வைத்த பலகை ஒன்றில் அதனை நிறுத்தியிருந்தார்கள். அமெரிக்காவில் வாழ்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், மின்னல் என்பது மின்சாரமே என்று எழுதியிருந்தார். அதனைச் சோதித்தறியும் வழியையும் கூறியிருந்தார். அச்சோதனையைச் செய்து பார்க்க விரும்பிய தாலிபார் என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுப்பியதே அந்தக் கம்பி.

அன்று பிற்பகல் இடி முழங்கியபோது தாலிபார் ஊரில் இல்லை. காவலுக்கு இருந்த குவாஃபியே என்னும் முன்னாள் போர்வீரர், கண்ணாடிப் பிடியுள்ள ஒரு கம்பியை அந்த இரும்பின் அருகே கொண்டுசென்றார். தீப்பொறி பறந்தது. அவர் உடனே பங்குத்தந்தைக்கு ஆளனுப்பினார். செய்தி கேட்ட ரோலே அடிகள் தெருவழியே ஓடினார். குரு ஓடுவதைக் கண்ட ஊரார், குவாஃபியே இடி விழுந்து இறந்துவிட்டார் போலும் என்று எண்ணி, ஆலங்கட்டி மழையையும் பொருட்படுத்தாது பின்னால் ஓடினார்கள். ஆனால் அடிகளார் இறுதி அருட்சாதனம் வழங்க ஓடவில்லை. சோதனையைத் தொடர ஓடினார். தாமே கம்பியைக் கையிலெடுத்துப் பலமுறை பொறிகளை வரவழைத்தார். கையில் அடிபட்டதைக்கூட அவர் முதலில் உணரவில்லை. அன்றே தாலிபாருக்கு அனைத்தையும் விவரித்து மடல் எழுதினார். மின்னலின் இயல்பை மனிதகுலத்துக்கு உறுதிப்படுத்திய முதல் சாட்சிகளுள் ஒருவர், ஒரு சிற்றூர்ப் பங்குத்தந்தை.

திருச்சபையும் அறிவியலும் என்று பேச்செடுத்தாலே நமக்குக் கலிலேயோவின் நினைவு வந்துவிடுகிறது. அது மறைக்கத்தக்கதன்று, மறைக்கவும் கூடாது. ஆயினும் வரலாறு அந்த ஒரு வழக்கோடு முடிந்துவிடவில்லை. இடிதாங்கி என்னும் எளிய கருவி வீடுகளுக்கும் ஆலயங்களுக்கும் வந்து சேர்ந்த கதை, மற்றொரு பாடத்தை நமக்குக் கற்பிக்கிறது.

மேகத்தைக் கலைக்கும் மணி

ஐரோப்பியக் கிறித்தவர்கள் இடி மின்னலின்போது ஆலய மணியை அடிக்கும் வழக்கத்தைப் பல நூற்றாண்டுகளாகக் கொண்டிருந்தனர். மணியை மந்திரிக்கும் சடங்கில், புயலும் இடியும் விலக வேண்டும் என்ற மன்றாட்டும் இடம்பெற்றிருந்தது. தான் மின்னலை முறிப்பதாகக் கூறும் வாசகம் சில மணிகளின்மீதே பொறிக்கப்பட்டிருந்தது. மந்திரித்த மணிக்கு அலகையின் புயல் அஞ்சும் என்று சிலர் நம்பினர். ஓசை காற்றை அதிரச் செய்து மேகத்தைக் கலைக்கிறது என்று வேறு சிலர் விளக்கம் கூறினர். காரணம் எதுவாயினும், வானம் கறுத்தவுடன் கோயிற்பிள்ளை கோபுரத்துக்கு ஓடிக் கயிற்றைப் பிடிப்பது கடமையாயிற்று.

அந்தக் கடமையில் எத்தகைய ஆபத்து இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரிலேயே உயர்ந்த கட்டடம் கோபுரம். அதன் உச்சியில் உலோகச் சிலுவை. உள்ளே வெண்கல மணி. மணியிலிருந்து தொங்குவது மழையில் நனைந்த கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு மனிதர். மின்னல் நிலத்தை அடைய இதைவிட எளிய பாதை வேண்டுமா?

1718 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் இரவு, பிரான்சின் பிரெத்தாஞ்ஞு கடற்கரைப் பகுதியில் 24 ஆலயங்கள்மீது இடி விழுந்தது. அவை மணி ஒலித்துக்கொண்டிருந்த ஆலயங்கள். மணி ஒலிக்காத அண்டை ஆலயங்கள் தப்பின என்ற செய்தி பாரிசின் அறிவியல் கழகத்தை எட்டியது. மக்களோ அதற்கு வேறொரு விளக்கம் கண்டனர். விடிந்தால் பெரிய வெள்ளி; மணிகள் மௌனம் காக்க வேண்டிய நாள். அந்த நாளில் மணியடித்த குற்றத்துக்குக் கடவுள் தந்த தண்டனையே இது என்றார்கள். ஒரே நிகழ்ச்சி, இரண்டு விளக்கங்கள். ஒன்று, உயர்ந்த கோபுரத்தில் நிற்கும் மனிதரைக் காக்க வழிதேடியது. மற்றொன்று, இறந்துபோனவரையே குற்றவாளியாக்கியது.

1784 இல் மியூனிக் நகரில் வெளியான நூல் ஒன்று, 33 ஆண்டுகளில் 386 ஆலயக் கோபுரங்கள்மீது இடி விழுந்ததாகவும், மணியடித்துக்கொண்டிருந்த 103 பேர் மாண்டதாகவும் கணக்குக் கூறியது. ஊரைக் காப்பதாக நம்பிக் கோபுரத்தில் நின்ற எளிய மனிதர்கள் அவர்கள். அவர்களின் பக்தியை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. அதே வேளையில், அவர்களை அங்கே நிறுத்திய நம்பிக்கை தவறானது என்பதைச் சொல்லாதிருக்கவும் எவருக்கும் உரிமையில்லை.

ஒரு பங்கில் விழுந்த கம்பம்

இன்றைய செக் நாட்டின் மொராவியப் பகுதியில் ஸ்னோய்மோ நகருக்கு அருகே பிரிமெத்திசே என்னும் ஊர் உள்ளது. அங்கே பங்குத்தந்தையாக இருந்தவர், பிரெமோன்ஸ்திராதென்சியன் சபையைச் சேர்ந்த புரோகோப் டிவிஷ் அடிகள். மின்சார ஆராய்ச்சியில் பெரும் ஆர்வம் கொண்டவர். 1753 இல் ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிஹ்மான் என்னும் அறிஞர், இடியை ஆராயும்போது மின்னல் தாக்கி உயிரிழந்தார். மறு ஆண்டு, 1754 ஜூன் 15 அன்று, டிவிஷ் அடிகள் தம் ஊரில் ஓர் உயர்ந்த கம்பத்தை நாட்டினார். அதன் தலையில் நூற்றுக்கணக்கான இரும்பு ஊசிகள் இருந்தன; சங்கிலிகள் அதனை நிலத்தோடு இணைத்தன.

அவ்வூசிகள் மேகங்களிலுள்ள மின்சாரத்தை அமைதியாக உறிஞ்சிவிடும். இடிமுகிலே உருவாகாது என்பது அடிகளாரின் கருத்து. இது சரியன்று. இடிதாங்கி மேகத்தை ஒன்றும் செய்வதில்லை. விழுகின்ற மின்னலுக்குத் தடையற்ற உலோகப் பாதை ஒன்றைத் தந்து, கட்டடத்துக்கும் மனிதருக்கும் தீங்கின்றி மண்ணுக்குள் அனுப்புகிறது, அவ்வளவே. ஆயினும் அடிகளாரின் கம்பம் நிலத்தோடு இணைக்கப்பட்டிருந்ததால், அவர் எண்ணிய காரணத்தால் அல்லாது வேறு காரணத்தால், அது ஓர் இடிதாங்கியாகவே அமைந்தது.

1759 இல் கடும் வறட்சி வந்தது. பயிர் கருகியது. ஊரார் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு கம்பத்தைப் பார்த்தார்கள். மழையைத் துரத்துவது சாமியாரின் கருவியே என்று முடிவு கட்டி, அதனைச் சாய்த்துவிட்டார்கள்.

இதனை அறியாமை என்று கூறிக் கடந்துபோவது எளிது. சற்று நின்று பார்ப்போம். இடிமுகிலைக் கலைக்கும் கருவி என்று கூறியவர் அடிகளாரே அல்லவா? முகில் கலைந்தால் மழையும் கலையுமன்றோ? அவர் சொன்னதிலிருந்தே அந்த உழவர்கள் இந்த முடிவுக்கு வந்தார்கள். அறிந்தவர் தாம் அறிந்ததற்கு மேலும் ஒரு படி கூறினார். வருந்தியவர்கள் அதனைத் தங்கள் வருத்தத்தோடு முடிச்சுப் போட்டார்கள். இரண்டும் சேர்ந்து கம்பத்தை வீழ்த்தின. அக்கம்பத்துக்கு அஞ்சிய அதே காலத்து மக்கள், மேகத்தைக் கலைப்பதாக நம்பிய மணியைக் கண்டு அஞ்சவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பழகிப்போன பொருளை எவரும் ஐயுறுவதில்லை. புதிய பொருளின்மீதே பழி விழுகிறது.

அறிஞரும் தவறலாம்

தவறியவர்கள் உழவர்கள் மட்டுமல்லர். பிரான்சில் மின்சார ஆராய்ச்சியில் பெரும்புகழ் பெற்றிருந்தவர் நொல்லே என்பவர். அவரும் திருப்பட்டம் பெற்றவரே. இடியின்போது மணியடிப்பது ஆபத்து என்று அவர் எச்சரித்தார். அதில் அவர் கூறியது முற்றிலும் சரி. ஆனால் ஃபிராங்க்ளினின் கம்பி இடியை வலிய அழைத்துவரும் என்றும் வாதிட்டார். அதில் அவர் தவறினார். ஒரே மனிதர், ஒரே பொருள், ஒன்றில் சரி, மற்றொன்றில் தவறு. பெரியவர் கூறினார் என்பதற்காகவே எதையும் ஏற்றுக்கொள்ளலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1780 இல் பிரான்சின் சேந்த்-ஓமேர் நகரில் வழக்கறிஞர் ஒருவர் தம் வீட்டின்மேல் இடிதாங்கி வைத்தார். அண்டை வீட்டார் அஞ்சி முறையிட, அதனை அகற்றுமாறு நகராட்சி ஆணையிட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. 1783 இல் அவர் சார்பில் வாதிட்டு வென்றவர், பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியில் பெயர் பெற்ற இளம் வழக்கறிஞர் ரோபெஸ்பியேர். அதே ஆண்டில் பேரரசர் இரண்டாம் யோசேப்பு, இடியின்போது மணியடிப்பதைத் தம் நாடுகளில் தடைசெய்தார். தடையை மீறி மணியடித்த ஊர்களும் உண்டு. அச்சம் சட்டத்தால் மட்டும் அகல்வதில்லை.

அச்சத்தை அகற்றியது அனுபவமே. வெனிஸ் நகரின் புனித மாற்குப் பேராலய மணிக்கூண்டு, பல நூற்றாண்டுகளாக இடிக்கு இலக்காகிப் பழுதுற்று வந்தது. 1745 இல் நேர்ந்த சேதம் பெரிது. 1776 இல், பதுவா பல்கலைக்கழகத்தில் வானியல் கற்பித்த யோசேப்பு தொவால்தோ என்னும் குரு அதில் இடிதாங்கியைப் பொருத்தினார். அதன்பின் இடியினால் அக்கூண்டுக்குக் கேடு நேரவில்லை. 1902 இல் அது சரிந்து விழுந்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் சுவரின் தளர்ச்சியே, இடியன்று. ஊர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணால் கண்டன. மெல்ல மெல்ல நம்பின.

நம் காலத்துக் கோபுரங்கள்

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. 2020 ஏப்ரலில், கொரோனாப் பெருந்தொற்று உலகை வாட்டியபோது, ஐந்தாம் தலைமுறை அலைபேசிச் சேவையே அந்நோயைப் பரப்புகிறது என்ற வதந்தி கிளம்பியது. கல்வியிற் சிறந்த இங்கிலாந்தில் அலைபேசிக் கோபுரங்கள் பல எரிக்கப்பட்டன. நோயாளிகளுக்கென அவசரமாக எழுப்பிய மருத்துவமனை ஒன்றுக்குத் தொடர்பு வழங்கிய கோபுரமும் அவற்றுள் ஒன்று. 2021 மே மாதம், இரண்டாம் அலையில் நாம் தவித்துக்கொண்டிருந்தபோது, அதே வதந்தி நம் நாட்டு அலைபேசிகளிலும் வலம்வந்தது; தொலைத்தொடர்புத் துறை மறுப்பு வெளியிட நேர்ந்தது. நம் நாட்டில் அந்தச் சேவை தொடங்கியதோ 2022 அக்டோபரில். வராத சேவையின்மீது வந்த நோய்க்குப் பழி போட்டோம். பிரிமெத்திசே ஊரின் கம்பத்துக்கும் இந்தக் கோபுரங்களுக்கும் இடையே 260 ஆண்டுகள் கடந்துள்ளன; மனித உள்ளம் எவ்வளவு தூரம் கடந்துள்ளது?

முன்பு வதந்தி தெருவில் நடந்தது. இன்று நம் விரல்நுனியில் பறக்கிறது. குடும்பக் குழுவிலும் அன்பியக் குழுவிலும் வந்த செய்தியை, நல்லெண்ணத்தோடு பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். கோபுரத்தில் மணியடித்தவருக்கும் நல்லெண்ணம் இருந்தது. அவர் தம் உயிரையே பணயம் வைத்தார். நாமோ பிறர் உயிரைப் பணயம் வைக்கிறோம். தடுப்பூசி வேண்டாம் என்ற ஒரு செய்தியை நம்பி ஒரு முதியவர் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கினால், அனுப்பியவருக்கு அதில் பங்கில்லையா?

சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை நம் ஆண்டவரே எடுத்துப் பேசினார். மாண்டவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா என்று வினவி, இல்லை என்று தாமே விடையும் தந்தார். பிரெத்தாஞ்ஞுவில் மணியடித்து மாண்டவர்களைப் பழித்தோர் அந்த நற்செய்திப் பகுதியைக் கேட்டிருப்பர். ஆனால் இடி விழுந்த இரவில் அது அவர்கள் நினைவுக்கு வரவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965 இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், அறிவியலுக்குரிய தன்னுரிமையைச் சரியாக உணராத கிறித்தவர்களின் மனநிலையைக் குறித்து வருந்தியுள்ளது. படைப்பின் ஒழுங்கை ஆராய்வது படைத்தவருக்கு எதிரானதன்று.

இந்தியாவில் இன்றும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கின்றனர். பெரும்பாலோர் வயலிலும் திறந்த வெளியிலும் உழைப்பவர்கள். இடி முழங்கும்போது மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றிச் செபிக்கும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. அந்தச் செபம் தொடரட்டும். அதற்கு முன்பே வயலில் நிற்பவரை வீட்டுக்குள் அழைத்து வந்திருக்க வேண்டும்; மரத்தடியில் ஒதுங்கிய சிறுவனை அங்கிருந்து அகற்றியிருக்க வேண்டும். ஓடிச்சென்ற ரோலே அடிகளின் கால்களும் செபத்தின் பகுதியே.

இன்று நம் ஆலயக் கோபுரங்கள் பலவற்றின் உச்சியில், சிலுவைக்கு அருகே ஒரு மெல்லிய கம்பி நிற்கிறது. கீழே நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. இடியைத் தாங்குவது அதன் வேலை. அதற்குக் கீழே மணி தொங்குகிறது. மேகத்தை விரட்டும் பணி அதற்கு இப்போது இல்லை. அது என்றுமே அதன் பணியாக இருந்ததில்லை. அது மக்களைச் செபத்துக்கு அழைக்கிறது, இறந்தோருக்காக ஒலிக்கிறது. தனக்கு உரியதல்லாத வேலையிலிருந்து விடுபட்டதனால் மணிக்கு ஒரு குறையும் நேரவில்லை. இனி அதன் கயிற்றைப் பிடிப்பவர், மாலையில் தம் வீட்டுக்குத் திரும்பிச் செல்வார்.