ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டிய காலம்

பெட்ரோலும் மசகெண்ணெயும் அரைகுறையாக எரிந்து இன்ஜினுக்குள் மிச்சம் வைப்பதே கரி. பிஸ்டன் தலையிலும் வால்வுகளின் முகத்திலும் சிலிண்டர் ஹெட்டின் உட்குழிவிலும் முதலில் பிசினாக ஒட்டும்; சூட்டில் வெந்து வெந்து கெட்டி ஓடாக இறுகும். படிவு தடிக்கத் தடிக்க எரியறையில் இடம் குறைந்து அழுத்தம் கூடும். படிவின் முனைகள் தணலாகி, பிளக்கில் பொறி விழுவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். மேட்டில் ஏறும்போது இன்ஜின் ‘டிக் டிக்’ என்று தட்டுவதும், சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் குலுங்கியபடி சில விநாடி ஓடுவதும் இதன் அடையாளங்கள். வெளியேற்று வால்வின் முகத்துக்கும் அது அமரும் இருக்கைக்கும் நடுவே கரித்துணுக்கு சிக்கினால் வால்வு சரியாக மூடாது. அந்தச் சந்தில் பாயும் அனல் வால்வின் விளிம்பையே தின்றுவிடும்.

கோலாலம்பூருக்கு இந்தத் தொல்லை மோட்டார் வண்டிகளோடு சேர்ந்தே வந்தது. ஜாதிக்காயும் சோப்பும் விற்கும் கடையாக 1899இல் இந்நகரில் தொடங்கிய நிறுவனம் ஒன்று, பின்னர் சைக்கிள் அண்ட் கேரியேஜ் என்ற பெயரில் கார் வணிகத்தில் இறங்கியது. 1926இல் ஃபோர்டு நிறுவனம் மலாயாவுக்கென்று தனிக் கிளையைச் சிங்கப்பூரில் அமைத்தது. அக்காலத்து இன்ஜின்களின் அழுத்த விகிதம் மிகக் குறைவு. ஃபோர்டு மாடல் டி-யில் அது ஏறத்தாழ நான்குக்கு ஒன்று. ஆகவே கொஞ்சம் கரி படிந்தாலும் இன்ஜின் பொறுத்துக்கொண்டது. ஆனால் அன்றைய பிஸ்டன் வளையங்கள் எண்ணெயைச் சரியாக வழித்துவிடவில்லை. மேலே ஏறிய எண்ணெய் எரிந்ததால் கரி வெகு சீக்கிரம் சேர்ந்தது. சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றிக் கரி நீக்குவது, எண்ணெய் மாற்றுவதைப்போல, கார்க் கையேடுகளில் அச்சான வழக்கமான பராமரிப்பாக இருந்தது.

இந்த வேலைக்குக் கைப்பழக்கம் உள்ளவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் குறைவில்லாமல் இருந்தார்கள். கோலாலம்பூர்–கிள்ளான் ரயில் பாதை 1886இல் திறக்கப்பட்டது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் எழுந்த ரயில்வே பணிமனையிலும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் தமிழர்கள் பெருமளவில் இருந்தார்கள். பொதுப்பணித் துறையின் சாலை எந்திரங்களையும் ரப்பர் தோட்டங்களின் லாரிகளையும் ஓட்டியவர்களிலும் பழுதுபார்த்தவர்களிலும் தமிழர் பலர். இவர்களில் பெரும்பாலோர் ஏட்டுப் படிப்பால் அல்ல, மூத்தவர் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே தொழில் கற்றவர்கள். அவர்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு என்பது இந்த நிலத்தின் தொழில் வரலாற்றில் ஒரு பெரிய குறை.

‘டாப் ஓவர்ஹால்’ என்று பட்டறைகளில் வழங்கும் அந்த வேலை நிதானம் கேட்பது. முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட்டின் நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கோ ஓரத்திலிருந்து நடுவுக்கோ கையேடு சொன்ன வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கமாகக் கழற்றினால் ஹெட் வளைந்துவிடும். பிறகு இரண்டு பிஸ்டன்களை மேலே கொண்டுவந்து, மற்றச் சிலிண்டர்களில் துணி அடைத்து, மேலே நிற்கும் பிஸ்டனின் ஓரத்தைச் சுற்றிக் கிரீஸ் தடவுவார்கள், உதிரும் கரி அதில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று. சுரண்டுவதற்கு இரும்பு ஆகாது. செம்புத் தகடு, மரச்சீவல், ஈயக் கம்பி, இவற்றில் எது கிடைத்தாலும் சரி. அலுமினியப் பிஸ்டனில் ஒரு கீறல் விழுந்தால் அடுத்த கரி அந்தக் கீறலிலிருந்துதான் பிடிக்கத் தொடங்கும்.

பிஸ்டன் தலை முழுவதையும் பளபளப்பாக்கிவிடவும் கூடாது. விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கரி வளையத்தை அப்படியே விட்டுவைப்பது தேர்ந்த கைக்காரர்களின் வழக்கம். தேய்ந்த சிலிண்டரில் எண்ணெய் மேலேறாமல் தடுப்பதில் அந்த வளையத்துக்கும் பங்கு உண்டு. அதை எடுத்துவிட்டால் கரி நீங்கிய கார் நீலப் புகை கக்கத் தொடங்கும். கை தவறி அதைச் சுரண்டிவிடாமல் இருக்க, ஒரு பழைய பிஸ்டன் வளையத்தைச் சிலிண்டருக்குள் பிஸ்டனின் மேல் வைத்து மறைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். அடுத்து வால்வு. அதன் முகத்தில் அரைப்புப் பசையைத் தடவி, உறிஞ்சுமுனை கொண்ட கட்டையை அதன் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே மோர் கடைவதுபோல முன்னும் பின்னும் உருட்டித் தேய்ப்பார்கள். முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் முறிவில்லாத ஒரே வளையம் தெரிந்தால் வால்வு படிந்துவிட்டது. நம்பிக்கை இல்லாவிட்டால் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள்.

1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் பெட்ரோல் சாதாரண மக்களுக்கு எட்டாப் பொருளாயிற்று. பேருந்துகளும் லாரிகளும் மரக்கரியை மூட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓடின. ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயும் எரிபொருளானது. இன்ஜின்களுக்கு இதைவிடக் கொடிய காலம் வந்ததில்லை. கரி வாயுவோடு சாம்பலும் தாரும் சிலிண்டருக்குள் போயின; வடிகட்டி சரியில்லாத வண்டியில் வால்வுத் தண்டு தாரில் ஒட்டி அசையாமல் நின்றுவிடும். உதிரிப்பாகம் கிடைக்காத அந்த மூன்றரை ஆண்டுகளில் வண்டி ஓடியது என்றால், திரும்பத் திரும்பக் கழற்றிச் சுரண்டிப் பூட்டிய கைகளால்தான் ஓடியது.

போருக்குப் பிறகு மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற சிறிய கார்கள் பெருகின. 1948இல் வந்த முதல் மோரிஸ் மைனரின் அழுத்த விகிதம் ஆறரையை ஒட்டியது. 1962இல் வந்த 1098 சிசி இன்ஜினில் அது எட்டரை. அழுத்தம் கூடியதால் கரியின் தட்டலும் எளிதில் காதில் விழுந்தது. ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டுக்கும் கூலிக்கும் செலவு. வண்டியும் பட்டறையில் நிற்கும். கழற்றாமலே கரி போக்கும் வீட்டு வைத்தியங்கள் உலகெங்கும் பரவியதற்கு இதுவே காரணம். அவற்றுக்கு வேண்டிய பண்டங்கள் பெரும்பாலும் மளிகைச் சரக்கு. 1863இல் எழுந்த பள்ளிவாசலைச் சுற்றித் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வளர்த்த மஸ்ஜித் இந்தியா கடைவீதியிலோ, பிரிக்பீல்ட்ஸிலோ, கிள்ளானிலோ தேடி வாங்க வேண்டிய அரிய பொருள் அவற்றில் ஒன்றுமில்லை.

மண்ணெண்ணெய் வைத்தியம் எல்லாவற்றிலும் எளியது. இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றி, துளை வழியாகக் கொஞ்சம் ஊற்றி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பிளக்கில்லாமலே இன்ஜினைச் சுழற்றி வெளியே தள்ளுவது. பிசினையும் வளையங்களை இறுக்கிப் பிடித்த பசையையும் அது இளக்கும். வெந்து இறுகிய கரியை அவ்வளவாக அசைக்காது. வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கிய மண்ணெண்ணெய் இன்ஜின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால், ஓட்டுவதற்கு முன் எண்ணெயை மாற்றியாக வேண்டும். இதை மறந்தவர்களின் பேரிங்குகள் போயின.

தண்ணீர் வைத்தியம் கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். ஆனால் அதில் உண்மையான இயற்பியல் இருக்கிறது. சூடேறிய இன்ஜினை வேகமாக ஓடவிட்டு, கார்புரேட்டரின் வாயில் தண்ணீரைத் துளித் துளியாக விடுவார்கள். எரியறையில் துளி சட்டென்று ஆவியாகும். திடீர்க் குளிர்ச்சியில் கரி ஓடு வெடித்து, புகையோடு வெளியேறும். தண்ணீர் எரியறையின் சூட்டைத் தணித்துத் தட்டலை அடக்கும் என்பதைப் பொறியாளர்கள் நெடுநாளாக அறிவார்கள். இரண்டாம் உலகப் போரின் போர்விமான இன்ஜின்களில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து செலுத்தினார்கள். அபாயம் அளவில்தான். துளிக்குப் பதிலாகக் குவளையாகப் போனால், அழுத்த முடியாத தண்ணீரைப் பிஸ்டன் போய் முட்டும். கனெக்டிங் ராடு வளையும். செலவே இல்லாத மூன்றாவது வழி, வண்டியை நன்றாகச் சூடேற விட்டு இழுத்து ஓட்டுவது. நகருக்குள் ஊர்ந்தே பழகிய காரை உலு கொம்பாக் வழியாகக் கெந்திங் செம்பா மேட்டில் ஏற்றி இறக்கினால், இளங்கரி எரிந்து போகும். பட்டறையில் சொல்லும் அறிவுரைகளில் இன்றுவரை பொய்க்காதது இதுவே.

இரு-அடி (டூ-ஸ்ட்ரோக்) இன்ஜின் கொண்ட ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்தபோது கரியின் இடம் மாறியது. பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்தே எரிப்பவை என்பதால் வெளியேற்றுத் துளையும் சைலென்சரும் அடைத்துக்கொண்டன; வெஸ்பா ஓட்டியவர்களுக்கு இந்த மூச்சுத்திணறல் நன்றாகத் தெரியும். சைலென்சரைக் கழற்றி நெருப்பில் போட்டுக் கொளுத்தித் தட்டுவது ஒரு முறை. காஸ்டிக் சோடாக் கரைசலை நிரப்பி ஊறவைப்பது மற்றொன்று. இரும்பு அதைத் தாங்கும். அலுமினிய ஹெட்டிலோ பிஸ்டனிலோ பட்டால் ஹைட்ரஜன் வாயு பொங்க, உலோகமே கரையும். 1950களின் இறுதியில் பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். எண்ணெயைத் தனியே வைத்துக்கொள்ளும் நான்கு-அடி ஹோண்டா கப் பரவிய இடங்களில் இந்தச் சைலென்சர் சடங்கு மெல்லக் குறைந்தது.

இந்தக் காலம் முழுவதும் பெட்ரோலில் ஈயம் இருந்தது. ஈயச் சேர்மம் தட்டலை அடக்கும் என்பதை அமெரிக்காவில் தாமஸ் மிஜ்லி 1921இல் கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. எரிந்த ஈயம் எரியறையில் தங்காமல் இருக்க புரோமின் சேர்மம் ஒன்றையும் கூடவே கலந்தார்கள். இருந்தும் சாம்பல் நிறப் படிவு பிளக்கில் ஏறிப் பொறியைக் கெடுத்தது. அதற்கு மருந்தாகப் பாஸ்பரஸ் சேர்மம் கலந்த பெட்ரோலை 1950களின் நடுவில் ஷெல் விளம்பரப்படுத்தியது. பிரிட்டனில் ரெடெக்ஸ் பெட்ரோல் நிலையங்களிலேயே அளந்து ஊற்றப்பட்டது. புட்டி மருந்தின் காலம் இவ்வாறு தொடங்கியது.

அதன் ஏழை உறவு பாச்சை உருண்டை. பெட்ரோல் தொட்டியில் பாச்சை உருண்டை போட்டால் வண்டி பறக்கும் என்ற நம்பிக்கை மலேசிய மோட்டார் சைக்கிள் இளைஞர்களிடம் இன்னும் உண்டு. பழைய உருண்டை நாப்தலீன்; அது பெட்ரோலில் கரையும், தட்டலையும் ஓரளவு தணிக்கும். ஆனால் பெட்ரோல் ஆவியான இடத்தில் மீண்டும் பளிங்காகித் துளைகளை அடைக்கும். எரியும்போது கரியைக் கூட்டும். இன்றைய உருண்டைகள் பல குளோரின் கொண்ட வேறொரு சேர்மம். அது எரிந்தால் வருவது அமிலம். கரிக்கு மருந்து என்று சொல்லப்படும் பொருள்களிலேயே கரியை வளர்ப்பது இதுதான்.

மலேசியாவில் ஈயத்தைக் குறைக்கும் விதிகள் 1985இல் வந்தன. லிட்டருக்கு 0.84 கிராமாக இருந்தது 0.5 ஆகி, 1990இல் 0.15 ஆனது, 2000ஆம் ஆண்டளவில் ஈயப் பெட்ரோலே நின்றது. ஈயப் படிவு மறைந்து பிளக்குகள் நீண்ட நாள் உழைத்தன. ஆனால் ஈயம் பழைய இன்ஜின்களின் வால்வு இருக்கைக்கு மெத்தையாகவும் இருந்தது. வார்ப்பிரும்பிலேயே இருக்கை வெட்டப்பட்ட ஹெட்டுகளில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே அமிழ்ந்தது. ஈயத்துக்கு மாற்று என்ற பெயரில் இன்னொரு புட்டி அலமாரியில் ஏறியது. இருக்கைக்குக் கெட்டி உலோக வளையம் பொருத்துவதே நிலையான தீர்வாக இருந்தது.

கிள்ளான் துறைமுகத்துச் சாலைகளில் கரி வேறு உருவில் தெரிந்தது: லாரிகளின் கரும்புகை. வணிக வாகனங்களைச் சோதிக்க 1994இல் புஸ்பகோம் அமைந்தது. டீசல் புகைக்கான விதிகள் 1996இல் வந்தன. டீசல் கரிக்கு ஊசிமுனை தேய்ந்த இன்ஜெக்டரும் அடைபட்ட காற்று வடிகட்டியுமே பெரும்பாலும் காரணம். அவற்றைச் சரிசெய்யாமல் தொட்டியில் ஊற்றும் எந்த மருந்தும் புகையை நிரந்தரமாகக் குறைப்பதில்லை.

பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் போய் உட்செலுத்தல் வந்த பிறகுதான் சேர்ம மருந்துகளுக்கு உண்மையான பலன் கிடைத்தது. 1980களில் புழக்கத்துக்கு வந்த பாலிஈதர் அமீன் வகை, எரியறையின் சூட்டிலும் சிதையாமல் நின்று, படிவை இளக்கி எரியவிடும். தானும் மிச்சம் வைக்காது. அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் படிவு தடுக்கும் மருந்து கட்டாயமானது. மலேசியாவில் கால்டெக்ஸ் நிலையங்கள் டெக்ரான் என்ற பெயரில் விற்பது இவ்வகையைச் சேர்ந்தது. ஒரு தொட்டிக்கு ஒரு புட்டி என்று இரண்டு மூன்று முறை ஊற்றினால் இன்ஜெக்டரும் உள்ளிழு வால்வும் தெளிவது சோதனைகளில் காணப்பட்ட உண்மை. பத்தாண்டுகளாகக் கெட்டிப்பட்ட கரியைப் புட்டியால் முழுவதும் அகற்ற முடியாது.

2018இல் வந்த புரோட்டோன் எக்ஸ்70 போன்ற கார்களில் பெட்ரோல் நேராக எரியறைக்குள் பீய்ச்சப்படுகிறது. உள்ளிழு வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை. எனவே தொட்டியில் ஊற்றும் மருந்து அங்கே போய்ச் சேர வழியில்லை. எண்ணெய் ஆவி வந்து படிந்து இறுகிய கரியை எடுக்க, உள்ளிழு மேனிஃபோல்டைக் கழற்றி, மூடிய வால்வின்மீது வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடிக்கிறார்கள். கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினமும் உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மையும் உள்ள பொருள் அது. செம்புத் தகட்டையும் மரச்சீவலையும் தேர்ந்தெடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.