பேரேடும் நீதிமன்றமும்: வணிக மந்தணத்தைச் சட்டம் காத்த வரலாறு

வணிகத்திற்கு மறைவு வேண்டும். நீதிக்கு வெளிப்படை வேண்டும். இவ்விரண்டும் ஒரே வழக்கில் எதிர்ப்படும்போது எது எதற்கு வழிவிட வேண்டும்? சிங்கப்பூர்த் தமிழர் வணிகத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவின் வரலாற்றை இவ்வுரையில் ஆராய்வோம்.

வெளிப்படையான நீதி என்னும் கருத்து தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் உரிய விசாரணையின்றிக் கொலையுண்டான். பின்னர்க் கண்ணகி பாண்டியன் முன்னிலையில் சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்தவை மாணிக்கங்கள். மூடிய பொருளுக்குள் இருந்த சான்று அவையறியத் திறக்கப்பட்டபோதே உண்மை புலப்பட்டது. வணிகரின் கணக்கேடும் அத்தகைய மூடிய பொருளே.

மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகள்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து நாட்டுக்கோட்டை நகரத்தார் சிங்கப்பூருக்கு வந்து கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். மார்க்கெட் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் அமைந்தன. 1859இல் தேங்க் சாலையில் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர்.

ஒரு கிட்டங்கிக்குள் பல கடைகள் இருந்தன. ஒவ்வொரு கடையும் தன் பெட்டியடியிலிருந்து தொழில் நடத்தியது. அதனை அடையாளப்படுத்தியது அதன் ‘விலாசம்’; அதாவது, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த எழுத்துத் தொடர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுக் காலம் கடையை நடத்தி, ஐந்தொகையை ஊருக்கு அனுப்புவார்.

நடப்பு வட்டி வீதத்தை நகரத்தார் கூடி முடிவு செய்தனர். எனவே அது அனைவரும் அறிந்த செய்தி. ஆனால், யார் எவ்வளவு கடன்பட்டார், யார் எவ்வளவு வைப்பு வைத்தார் என்பவை பேரேட்டுக்குள் அடங்கிய மந்தணம். பெட்டியடிகள் அருகருகே இருந்த கூடத்தில் இம்மந்தணத்தைக் காப்பதே தொழிலின் நாணயமாகக் கருதப்பட்டது. தமக்குள் எழுந்த பூசல்களைப் பெரியவர்கள் கூடிய பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்ள முயன்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஏடு நீதிமன்றம் ஏறியபோது

பிற இனத்தாரோடு எழுந்த வழக்குகளுக்குப் பஞ்சாயத்து போதவில்லை; பேரேடு நீதிமன்றம் ஏற வேண்டியதாயிற்று. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைத் தழுவி, 1893இல் நீரிணைக் குடியேற்றங்களில் சான்றுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி, முறையாக எழுதப்பட்டு வந்த கணக்கேட்டின் பதிவு சான்றாக ஏற்கப்படும். ஆயினும், ஒருவர்மீது கடன் பொறுப்பைச் சுமத்த அப்பதிவு மட்டும் போதாது. கடன் கொடுத்தவர் ஏட்டையும் காட்ட வேண்டும், துணைச்சான்றும் தர வேண்டும்.

இங்கே ஓர் இடர் தோன்றியது. வழக்கு ஒரு கடனாளியைப் பற்றியது. பேரேடோ நூற்றுக்கணக்கானோர் கணக்கைச் சுமப்பது. ஏடு முழுவதும் திறக்கப்பட்டால் வழக்கோடு தொடர்பற்றவரின் நிலையும் வெளியாகும். அது நீதிமன்றத்திலேயே தங்கினால் கடையின் அன்றாடத் தொழிலும் தடைப்படும்.

இவ்விடர் தமிழ் வணிகருக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றத்தில் ஒரு நடைமுறை இருந்தது. வழக்குக்குத் தொடர்பில்லாத பக்கங்கள் இவை என உறுதிமொழி அளித்து, அவற்றை மட்டும் மூடி முத்திரையிட்டு, எஞ்சியவற்றை எதிர்த்தரப்பின் பார்வைக்கு வைக்கலாம். பிரிட்டனில் 1879இலும் இந்தியாவில் 1891இலும் வந்த வங்கியர் ஏடுகள் சான்றுச் சட்டங்கள், மூல ஏட்டுக்கு மாற்றாகச் சான்றளிக்கப்பட்ட படியை ஏற்றன. சிங்கப்பூர்ச் சான்றுச் சட்டத்திலும் அந்நோக்கம் கொண்ட பிரிவுகள் உள்ளன.

1913இல் ‘ஸ்காட் எதிர் ஸ்காட்’ என்னும் திருமண வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, நீதிமன்றம் திறந்தே இருக்க வேண்டும் என்பதைப் பொதுவிதியாக உறுதிப்படுத்தியது. எனினும், தொழில் மந்தணம் பற்றிய வழக்கு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு என்றும் ஏற்றது. காக்க வேண்டிய மந்தணம் விசாரணையினாலேயே அழிந்துவிடுமானால், வழக்காடி வென்றும் பயனில்லை.

மறைவின் எல்லை

வணிகர் மறைக்க விரும்புவது அனைத்தும் காக்கத் தக்கதன்று. 1962இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த ‘செட்டியார் எதிர் செட்டியார்’ வழக்கு இதனை உணர்த்தும். மலாயாவில் 100 ஏக்கருக்கு மேற்பட்ட இரப்பர்த் தோட்டங்களுக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தவிர்க்க, ஒரு தந்தை 40 ஏக்கர் நிலத்தை மகன் பெயருக்கு மாற்றினார். பின்னர் அந்நிலம் தமக்கே உரியதென வழக்காடினார். உரிமையை நிறுவ, மாற்றத்தின் உண்மை நோக்கத்தை அவரே வெளியிட நேர்ந்தது. அதிகாரிகளை ஏய்க்கச் செய்த ஏற்பாட்டுக்கு நீதிமன்றம் துணைபோகாது எனத் தீர்ப்பாயிற்று. வாடிக்கையாளரைக் காக்கும் மறைவும் சட்டத்தை ஏய்க்கும் மறைவும் ஒன்றல்ல.

இன்றைய நிலை

சிங்கப்பூரில் நீதிமன்றம் பொதுமக்கள் வந்து காணத்தக்க திறந்த இடம் என்பது உச்ச நீதிமன்றச் சட்டத்தின் விதி. நீதியின் நலன், பொதுப் பாதுகாப்பு முதலிய தக்க காரணம் இருந்தால் மட்டும் தனியே விசாரிக்கலாம். 2015இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தக நீதிமன்றத்தின் விதிகள், வெளிநாட்டுத் தொடர்புடைய சில வழக்குகளில் ஆவணக் கோப்பினை முத்திரையிடவும் இடமளித்தன.

நடுவர் மன்றத் தீர்ப்புகள் தொடர்பான வழக்குகளில், நிறுவனங்களின் பெயரை மறைத்து ‘ஏகேஎன் எதிர் ஏஎல்சி’ என்றாற்போல் எழுத்துகளை மட்டும் வெளியிடும் வழக்கமும் உண்டு. மார்க்கெட் தெருவில் முதலெழுத்துகள் கடையின் குடிவழியைக் காட்டின. இங்கோ எழுத்துகள் ஆளை மறைக்கின்றன. ஆனால், தீர்ப்பின் காரணங்கள் மறைக்கப்படுவதில்லை. அதனால் வணிகர் மந்தணமும் காக்கப்படுகிறது, சட்டமும் கற்போர்க்குக் கிடைக்கிறது.

கிட்டங்கிகள் மார்க்கெட் தெருவிலிருந்து மறைந்துவிட்டன. ஆயினும், சிராங்கூன் சாலையின் நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் கொள்முதல் விலை, வாடிக்கையாளர் பட்டியல் என்னும் மந்தணங்கள் இன்றும் உள்ளன. அவை வழக்குக்கு வரும்போது கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: இதை வெளியிட்டால் யாருக்கு, எத்தகைய இழப்பு? இதை மறைத்தால் நீதி குறைபடுமா? ஒரு பக்கத்தை மூடினால் போதுமா, ஏடு முழுவதையும் மூட வேண்டுமா?

மூன்றாம் வினா நமக்கு இன்னும் நெருக்கமானது. நம் முன்னோர் எவ்வாறு கடன் கொடுத்தனர், எவ்வாறு கணக்கு எழுதினர் என்பதை அறிய உதவும் மூலங்களுள் வழக்கேடுகளும் அடங்கும். தேவைக்கு மேல் முத்திரையிடப்படும் ஒவ்வோர் ஏடும் நாளைய மாணவர் படிக்க இயலாத ஏடாகும். பக்கத்தை மூடுக, ஏட்டைத் திறந்து வைக்க என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் நெறி.