மினி காருக்குள் பெய்த மழை

கார் என்றதும் நம்மில் பலருக்கு மைலேஜ், ஸ்பீடு, ஏசி, மியூசிக் சிஸ்டம் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். "மழையில் நனையாமல் போகலாம்" என்பது யாருக்கும் ஞாபகம் வராது. அதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்துவிட்டோம். ஆனால் காருக்குள் தண்ணீர் வராமல் செய்ய மனிதன் அரை நூற்றாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறான். அந்தக் கதைதான் இன்றைக்கு. கதையோடு சேர்த்து, உங்கள் வீட்டுக் காரில் மேட் நனைந்தால் எங்கே தேடுவது என்பதையும் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

1886ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டிக்குக் கூரையே கிடையாது. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். அப்புறம் வந்த கார்களும் பெரும்பாலும் திறந்த வண்டிகள்தான். மேலே ஒரு மடக்குத் துணி, அவ்வளவே. அந்தக் காலத்தில் கார் ஓட்டுபவர்கள் கனமான கோட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு போருக்குப் போவது போலக் கிளம்புவார்கள். கண்ணாடியில் விழும் மழையைத் துடைக்கும் வைப்பருக்கு அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் காப்புரிமை வாங்கியதே 1903ல்தான்.

அமெரிக்காவில் 1919ல் விற்ற கார்களில் சுமார் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். 1927ல் அது நூற்றுக்கு 85 ஆகிவிட்டது. எட்டே வருடத்தில் தலைகீழ் மாற்றம்! மக்கள் வெயில், மழை, குளிர் மூன்றிலும் காரை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு சின்னச் சிக்கல். பெயர்தான் மூடிய கார். அதன் கூரையின் நடுப்பகுதி இரும்பு இல்லை, துணி! மரச்சட்டம், அதன் மேல் கம்பி வலை, அதன் மேல் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் இறங்காத பூச்சு பூசிய துணி. காரணம், கூரை முழுவதையும் ஒரே தகட்டில் அடிக்கும் அளவுக்கு அகலமான எஃகுத் தகடு அப்போது கிடைக்கவில்லை. வெயிலில் காய்ந்து துணி விரியும், ஓரத்தில் தையல் விடும், ஒழுகும். நம் ஊரில் வருடா வருடம் கூரை வேய்கிற மாதிரி, கார் வைத்திருந்தவர்கள் மேலே பூச்சு பூசிக்கொண்டே இருந்தார்கள். அகலமான தகடு உருட்டும் ஆலைகள் வந்த பிறகு, ஜெனரல் மோட்டார்ஸ் தன்னுடைய 1935ஆம் வருட மாடல்களில் முழு எஃகுக் கூரையைக் கொண்டு வந்தது. 'டரட் டாப்' என்று அதற்குப் பெயர். மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன.

அப்பாடா, ஒழுகல் பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. மேலேயிருந்து வந்த தண்ணீர் இப்போது கீழேயிருந்து வர ஆரம்பித்தது :-)

இனி நம் கதாநாயகனுக்கு வருவோம். 1956ல் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினை வந்து இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். குறைந்த பெட்ரோல் குடிக்கும் சின்னக் காருக்கு மவுசு வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தலைவர் லெனார்ட் லார்ட், அலெக் இஸிகோனிஸ் என்ற டிசைனரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். (நம்ம அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் இதே கம்பெனியின் வண்டிதான்.) வெறும் 10 அடி நீளம், 10 அங்குலச் சக்கரம், எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, நாலு பேர் உட்காரும்படி ஒரு காரை அவர் செய்து முடித்தார். 1959 ஆகஸ்ட் 26ஆம் தேதி 'மினி' வெளிவந்தது.

வாங்கியவர்கள் சந்தோஷமாக ஓட்டினார்கள், மழை வரும் வரை. மழையில் ஓட்டி வந்து நிறுத்தினால் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர். கார்பெட் ஊறி அழுகி நாற்றம் வேறு. கதவு ரப்பரும் சரியாக இருக்கிறது, கண்ணாடியும் சரியாக இருக்கிறது. பின்னே எங்கிருந்து வருகிறது?

விடை, இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் இருந்தது. நம் ஊரில் ஓடு வேய்கிறவர்கள் கீழ் வரிசையிலிருந்து ஆரம்பித்து மேலே போவார்கள். மேல் ஓட்டின் நுனி கீழ் ஓட்டின் மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும். மாற்றிப் போட்டால் இடுக்கு வாயைத் திறந்துகொண்டு தண்ணீரை வாங்கும். மினியின் அடித்தளத்தில் நடந்தது இதுதான். தகடுகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்து வெல்டு செய்த இணைப்பு, வண்டி ஓடும் திசையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு இருந்தது. முன் சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் நேராக அதற்குள் போய், வெல்டுப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாக உள்ளே வந்தது.

சோதனை ஓட்டத்தில் ஏன் இது தெரியவில்லை? அங்கேதான் வேடிக்கை. 1959ஆம் வருடக் கோடை இங்கிலாந்தில் நல்ல வறட்சியான கோடை. மழையே இல்லாமல் சோதித்த காரில் மழைநீர் ஒழுகுமா? இன்னொன்றையும் யோசியுங்கள். நின்றிருக்கும் காரின் மேல் எத்தனை குடம் ஊற்றினாலும் இந்த ஓட்டை அகப்படாது. சக்கரம் சுழன்று கீழேயிருந்து அடித்தால்தான் அகப்படும்.

முதலில், பாடியின் ஓரத்தில் பெட்டி மாதிரி இருக்கும் வெற்றிடங்களில் ஃபோம் நிரப்பிச் சமாளித்தார்கள். அப்புறம்தான் தகடு ஏறி உட்காரும் முறையையே திருப்பி மாற்றினார்கள். முதலில் வாங்கிய வாடிக்கையாளர்கள்தான் பாவம், கம்பெனிக்காக மழைச் சோதனையை நடத்திக் கொடுத்தார்கள். பெயரும் கொஞ்சம் கெட்டது. நல்ல வேளை, வண்டி அவ்வளவு நல்ல வண்டி. 1964ல் மான்டி கார்லோ ராலியில் ஜெயித்து, 2000ஆம் வருடம் வரை 50 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாடம் இதுதான்: தண்ணீர் தெரிகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. இன்னொரு பாடத்தைக் கார் செய்கிறவர்கள் போகப் போகக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீரை முழுக்கத் தடுக்க முடியாது. அதனால் அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டிவிட வேண்டும்.

இன்றைய காரைப் பாருங்கள். கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக ஒவ்வொரு மழையிலும் கதவுக்குள் தண்ணீர் போகிறது. போகட்டும் என்றுதான் விட்டிருக்கிறார்கள். கதவின் அடியில் ஓட்டைகள் இருக்கின்றன, அதில் வடிந்துவிடும். உள்பக்க அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் அது காருக்குள் வராமல் தடுக்கும். வைப்பருக்குக் கீழே ஒரு தொட்டி மாதிரி இருக்கும், அதற்கும் வடிகால் உண்டு. சன்ரூஃப் இருந்தால் அதைச் சுற்றி ஒரு வாய்க்கால், மூலைகளிலிருந்து தூண்களுக்குள் இறங்கும் குழாய்கள். இவற்றில் ஒன்று சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் போதும். வடிய வழியில்லாத தண்ணீர் காருக்குள் இறங்கும்.

சரி, மேட் நனைந்தால் என்ன செய்வது?

முதலில் அது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். மழையே இல்லாத நாளில் ஏசி போட்டால் மட்டும் நனைகிறதா? அது ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைப்பு. பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு இருக்கிறதா? அது ஹீட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட். மழைக்குப் பிறகு மட்டும் என்றால்தான் நம் கதை.

அடுத்து, உள்ளே நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். கார்பெட்டைத் தூக்கி, தகட்டில் காய்ந்த தண்ணீர்த் தடமோ மண் கோடோ இருக்கிறதா பாருங்கள். சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவிவிடலாம். தண்ணீர் ஓடிய பாதை அதில் கோடாகத் தெரியும். பிறகு ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பால் மெதுவாக, கீழேயிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு இடமாக மேலே போக வேண்டும். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எது வழி என்றே தெரியாமல் போய்விடும். மினி மாதிரி ஓடும்போது மட்டும் நனைந்தால், சக்கரத்துக்குப் பின்பக்கமும் அடித்தளத்தில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களையும் பார்க்க வேண்டும்.

வழி தெரிந்த பிறகு வேலை சுலபம். அடைத்த வடிகாலை வளையக்கூடிய மெல்லிய ஒயரால் சுத்தம் செய்யலாம். சன்ரூஃப் குழாயில் கம்ப்ரசர் காற்றை வேகமாக அடிக்காதீர்கள், உள்ளே இணைப்புக் கழன்றுவிட்டால் புது ஒழுகல் ஆரம்பிக்கும். தகட்டு இணைப்பில் வெடிப்பு என்றால், பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுத்து, காய வைத்து, புதிது போட வேண்டும். பார்க்கிற இடத்திலெல்லாம் சிலிக்கானைப் பூசுவது வேலைக்கு ஆகாது. கதவுக்கு அடியிலிருக்கும் ஓட்டையைத் தெரியாமல் அடைத்துவிட்டால் கதவே உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

"கொஞ்சம் ஈரம்தானே, வெயிலில் காய்ந்துவிடும்" என்று விடுவதில்தான் ஆபத்து. மினியில் அழுகியது கார்பெட். இன்றைய கார்களில் அந்தக் கார்பெட்டுக்குக் கீழே ஒயர்கள் போகின்றன, பல கார்களில் சீட்டுக்கு அடியில் எலக்ட்ரானிக் பெட்டிகளும் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு விளக்கு டேஷ்போர்டில் எரியும்போது, அதற்கும் அந்தப் பழைய மழைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போனாலும் பெயின்ட்டைத் தடவிப் பார்த்ததோடு நிறுத்தாமல், மேட்டைத் தூக்கி கார்பெட்டையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

மழைக்காலம் ஆரம்பிப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே சேர்ந்திருக்கும் சருகை அள்ளிப் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, காசு செலவில்லை.