1971இல் நுழைந்த இருவர்: அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் பதவிக்காலமும் அதிகாரமும்

1971 ஜனவரியில் அமெரிக்காவின் இரண்டு மாநிலத் தலைநகரங்களில் இரண்டு இளைஞர்கள் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தனர். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் பதவியேற்ற எர்னி சேம்பர்ஸுக்கு வயது 33. ஒமாஹாவின் வடபகுதியில், கருப்பின மக்கள் வாழும் பேட்டையில், முடிதிருத்தும் தொழில் செய்துவந்தவர். இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டில் பதவியேற்ற மைக்கேல் மேடிகனுக்கு வயது 28. வழக்கறிஞர், சிகாகோவின் தென்மேற்கில் ஒரு வட்டத்துக்கு ஜனநாயகக் கட்சிப் பொறுப்பாளராக ஏற்கெனவே இருந்தவர். இருவருமே வாஷிங்டனுக்குப் போகவில்லை, ஆளுநராகவும் ஆகவில்லை. இருவரும் சட்டமன்றத்தைவிட்டு வெளியேறியது 2021இல்: சேம்பர்ஸ் ஜனவரியில், மேடிகன் பிப்ரவரியில்.

சேம்பர்ஸ் பதவியில் இருந்த காலம் மொத்தம் 46 ஆண்டுகள். அந்த மாநிலத்தில் அவ்வளவு காலம் யாரும் உறுப்பினராக இருந்ததில்லை. ஓய்வு பெற்றபோதும் அவர் தம் தொகுதியின் ஒரு சாதாரண உறுப்பினர்தான். மேடிகன் அவைத் தலைவராக மட்டுமே 36 ஆண்டுகள் இருந்தார். 2025 பிப்ரவரியில் லஞ்சச் சதி உள்ளிட்ட 10 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, ஜூனில் ஏழரை ஆண்டு சிறையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

நீண்ட காலம் பதவியில் இருந்தால் அரசியல்வாதி கெட்டுப்போவார் என்ற நம்பிக்கை அமெரிக்க வாக்காளர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. 1990 முதல் பல மாநிலங்கள் சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பதவிக்கால வரம்பு விதித்ததும் அந்த நம்பிக்கையால்தான். இன்று 16 மாநிலங்களில் இவ்வரம்பு உள்ளது. கடைசியாகச் சேர்ந்தது 2022இல் வடக்கு டகோட்டா. ஒரே மாதத்தில் தொடங்கி அநேகமாக ஒன்றாகவே முடிந்த இந்த இரு வாழ்க்கைகளையும் அருகருகே வைத்தால், அந்த நம்பிக்கை எங்கே சறுக்குகிறது என்பது தெரியும். ஆண்டுகள் சேரச் சேர ஓர் உறுப்பினரிடம் என்ன குவிகிறது என்பதைக் காலண்டர் தீர்மானிப்பதில்லை, அவையின் உள்விதிகளே தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். இரண்டே எடுத்துக்காட்டுகளால் பொதுவிதி எதையும் நிறுவிவிட முடியாது. காலக்கணக்கு மட்டுமே எதை விளக்காது என்பதைக் காட்ட அவை போதும்.

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சேர்த்து 7,300க்கு மேற்பட்ட சட்டமன்ற உறுப்பினர்கள் உள்ளனர். இவர்களை ஒரே தொழிலைச் செய்பவர்கள் என்று சொல்வதே கடினம். நியூயார்க் உறுப்பினருக்கு 2023 முதல் ஆண்டுச் சம்பளம் 1,42,000 டாலர். நியூ ஹாம்ப்ஷயரில், 400 பேர் கொண்ட கீழவையில் அமர்பவருக்கு ஆண்டுக்கு 100 டாலர். நெப்ராஸ்காவில் 12,000 டாலர். அந்தத் தொகை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பதால், மக்கள் வாக்களித்தால்தான் ஒரு டாலரைக் கூட்ட முடியும். 2012இல் அதை 22,500 ஆக்கக் கேட்டபோது மக்கள் மறுத்துவிட்டனர். இப்படிப்பட்ட சம்பளத்தில் யார் உறுப்பினராக முடியும்? ஓய்வு பெற்றவர், பண்ணை வைத்திருப்பவர், சொந்தத் தொழில் உள்ளவர். அல்லது சேம்பர்ஸைப் போலத் தேவைகளைச் சுருக்கிக்கொண்டவர். கோட்டும் டையும் அணிந்த உறுப்பினர்கள் நடுவே அரைக்கை பனியனும் ஜீன்ஸும் அணிந்து உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம்.

நெப்ராஸ்கா சட்டமன்றம் அமெரிக்காவிலேயே தனி ரகம். அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் நாரிஸின் பிரசாரத்தால் 1934இல் மக்கள் வாக்களித்து, 1937 முதல் அங்கே ஒரே அவைதான். இரண்டு அவைகளில் மொத்தம் 133 பேர் இருந்த இடத்தில் 43 பேர் அமர்ந்தனர், இப்போது 49. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. அவைக்குள் ஆளுங்கட்சித் தலைவரும் இல்லை, கொறடாவும் இல்லை. அவைத் தலைவரையும் குழுத் தலைவர்களையும் உறுப்பினர் அனைவரும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கின்றனர். தாக்கலாகும் ஒவ்வொரு மசோதாவுக்கும் பொது விசாரணை நடந்தே தீர வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரும் ஆண்டுக்கு ஒரு மசோதாவைத் தம் முன்னுரிமை மசோதாவாக அறிவித்து முன்னே கொண்டுவரலாம். ஆக, எந்த ஒருவர் கையிலும் கதவின் சாவி இல்லை.

கட்சி சார்பற்ற, வெள்ளையர் பெரும்பான்மை மிக்க, பெரிதும் கிராமப்புற மாநிலத்தில் ஒரு கருப்பின இடதுசாரிக்கு இந்த ஏற்பாட்டில் கிடைக்கக்கூடிய ஒரே மூலதனம் விதிப்புத்தகம். சேம்பர்ஸ் அதை மனப்பாடமாகவே வைத்திருந்தார். விவாதத்தில் ஒரு பொருள்மீது ஒருவர் ஐந்து நிமிடம் வீதம் மூன்று முறை பேசலாம். திருத்தம் ஒன்று கொடுத்தால் அது புதிய பொருள். ஐந்து நிமிடங்கள் மறுபடி தொடங்கும். கூட்டத்தொடரோ ஓராண்டு 90 நாள், மறு ஆண்டு 60 நாள்தான். அந்தக் குறுகிய காலத்தில் ஒரு மனிதர் திருத்தத்துக்குமேல் திருத்தமாக எழுதிக்கொண்டே போனால், மற்ற மசோதாக்கள் வரிசையில் காத்துக்கிடக்கும். விவாதத்தை நிறுத்த 49இல் 33 வாக்கு வேண்டும். ஆகவே அவருக்குப் பிடிக்காத மசோதா கொண்டுவந்தவர்கள் முதலில் அவருடைய மேசைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதே புத்திசாலித்தனம் என்று கற்றுக்கொண்டனர்.

இந்த முறையில் அவர் சாதித்தவை சிறியவை அல்ல. ஒமாஹா நகர மன்றத்துக்கும் பள்ளி வாரியத்துக்கும் நகர் முழுவதும் ஒரே தொகுதியாக நடந்த தேர்தலை வட்டவாரித் தேர்தலாக மாற்றும் சட்டங்களுக்கு அவரே முதற்காரணம். அதற்குமுன் கருப்பினத்தவர் நகர மன்றத்துக்குள் நுழையவே வழியில்லை. தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்யும் நிறுவனங்களிலிருந்து மாநில நிதியை விலக்கிக்கொள்ளக் கோரும் தீர்மானத்தை 1980இலேயே நிறைவேற்ற வைத்தார். பள்ளிகளில் மாணவர்களை அடிக்கும் தண்டனை 1988இல் தடை செய்யப்பட்டதிலும் அவர் கை உண்டு. சட்டமன்றம் சம்பளம் கொடுத்துப் பாதிரியாரை வைத்துப் பிரார்த்தனை நடத்துவதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1983இல் 6க்கு 3 என்ற கணக்கில் தோற்றது. 2007இல் கடவுள்மீதே வழக்குப் போட்டார். வழக்கறிவிப்பைச் சேர்ப்பிக்க முகவரி இல்லை என்று நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். யார்மீதும் வழக்குத் தொடர நீதிமன்றக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதை உணர்த்தவே அந்த வழக்கு. பத்திரிகைகள் அதைச் சிரிப்புச் செய்தியாக்கியதில் அவருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் நீளமானது மரண தண்டனைக்கு எதிரான போராட்டம். ஏறத்தாழ ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் ஒழிப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். 1979இல் அவை அதை நிறைவேற்றியது. ஆளுநர் சார்லஸ் தோன் வீட்டோ செய்தார். அடுத்த வெற்றிக்கு 36 ஆண்டு பிடித்தது. 2015 மே 20இல் 32க்கு 15 என்று மசோதா நிறைவேறியது. ஆளுநர் பீட் ரிக்கெட்ஸ் வீட்டோ செய்தார். வீட்டோவுக்கு மறுநாள், மே 27 அன்று, அதை முறியடிக்கச் சரியாகத் தேவைப்பட்ட 30 வாக்குகள் விழுந்தன; எதிர்த்தவர் 19. சேம்பர்ஸ் பக்கம் சாய்ந்தவர்களில் பலர் குடியரசுக் கட்சிக்காரர்கள். மாநிலம் அந்த ஆண்டுதான் விஷ ஊசி மருந்துக்காக இந்தியாவிலுள்ள ஒரு வணிகருக்கு 54,400 டாலர் அனுப்பியிருந்தது. மருந்து வந்து சேரவேயில்லை. செலவுதான் மிச்சம், தண்டனை நடப்பதேயில்லை என்ற சிக்கனவாதம் அவர்களிடம் எடுபட்டது. ஒழுக்கவாதத்தால் அசையாதவர்கள் கணக்குப் பார்த்ததும் அசைந்தார்கள்.

அந்த வெற்றி நிலைக்கவில்லை. ஆளுநர் தம் சொந்தப் பணத்தையும் போட்டு ஆதரித்த கையெழுத்து இயக்கம் விஷயத்தைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனது. 2016 நவம்பரில் சுமார் 61 சதவீதம் பேர் தண்டனையை மீட்டனர். 2018 ஆகஸ்டில் ஒரு கைதிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 40 ஆண்டு அனுபவம் அவையை வென்றது, மாநிலத்தை வெல்லவில்லை. சேம்பர்ஸின் அதிகாரத்தின் எல்லை இதுதான்: தடுக்க முடியும், தாமதிக்க முடியும், அரிதாகச் சம்மதிக்க வைக்க முடியும், கட்டளையிட முடியாது.

இல்லினாய்க் கதை வேறு. அங்கே 1980இல் ஒரு சீர்திருத்தம் நடந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று உறுப்பினர், வாக்காளர் தம் மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே குவிக்கலாம் என்றிருந்த நூறாண்டு பழைய முறையை மக்கள் வாக்களித்து ஒழித்தனர். கீழவையின் அளவு 177இலிருந்து 118 ஆகக் குறைந்தது. அரசியல்வாதிகளைக் குறைத்தால் செலவு மிச்சம் என்பதே அன்றைய கோஷம். பழைய முறையில் சிகாகோவில் ஓரிரு குடியரசுக் கட்சிக்காரரும், புறநகரில் ஓரிரு ஜனநாயகக் கட்சிக்காரரும், தலைமைக்குக் கட்டுப்படாத சிலரும் எப்படியும் வென்றுவந்தனர். புதிய முறையில் அவர்கள் மறைந்தனர். தேர்தல் செலவுக்குத் தலைமையை நம்பியிருக்கும் உறுப்பினர்கள் வந்தனர். 1983 ஜனவரியில், அந்தச் சுருங்கிய அவையின் முதல் கூட்டத்தில், மேடிகன் தலைவரானார்.

தொகுதி எல்லை வரையும் ஆணையத்தில் இரு கட்சிகளும் சமமாக நின்றால் குலுக்கல் போட்டு முடிவெடுப்பது இல்லினாய் அரசியல் சட்டத்தின் விநோத ஏற்பாடு. 1981 குலுக்கலில் ஜனநாயகக் கட்சி வென்றது. வரைபடம் மேடிகன் கைக்கு வந்தது. 1991இல் குடியரசுக் கட்சி வென்றது; அந்த வரைபடத்தில் நடந்த 1994 தேர்தலுக்குப்பின் இரண்டே ஆண்டுகள், 1995 முதல் 1997 வரை, அவர் தலைவர் பதவியை இழந்தார். 2001 குலுக்கல் மறுபடி அவர் பக்கம். அவருடைய தலைவர் பதவியில் விழுந்த ஒரே இடைவெளிக்கு ஒரு சீட்டுதான் காரணம் என்றால் மிகையில்லை.

மேடிகனின் பிடி மூன்று இடங்களில் இருந்தது. முதலாவது, விதிகள் குழு. எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும், போகாமலே கிடக்கும் என்று அக்குழு முடிவு செய்தது. அதன் பெரும்பான்மையை நியமித்தவர் அவர். இரண்டாவது, பணம்: 1998 முதல் மாநிலக் கட்சித் தலைவரும் அவரே. மூன்றாவது, அவருடைய வழக்கறிஞர் தொழில். சிகாகோவின் மாபெரும் கட்டடங்களுக்குச் சொத்து வரியைக் குறைத்து வாங்கித் தருவது அவர் அலுவலகத்தின் வேலை. அது சட்டப்படி தடை செய்யப்படவும் இல்லை. கைபேசியும் மின்னஞ்சலும் வைத்துக்கொள்ளாதவர், மதியத்துக்கு ஓர் ஆப்பிளைச் சீவித் தின்பவர் என்று செய்தியாளர்கள் அவரைச் சித்திரித்தனர். எழுத்தில் எதையும் விடாத மனிதரைக் கடைசியில் பிடித்தது, மத்தியப் புலனாய்வாளர்கள் பதிவு செய்த உரையாடல்கள்தான். காம்எட் மின் நிறுவனம் அவருடைய ஆட்களுக்கு வேலையே இல்லாத ஒப்பந்தங்கள் கொடுத்ததாக வழக்கு. நிறுவனம் 2020இலேயே 20 கோடி டாலர் அபராதம் கட்டச் சம்மதித்திருந்தது.

அதே வலிமைதான் இன்னொரு பக்கம் ஆளுநர் புரூஸ் ரவுனரை எதிர்த்து நின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2015 முதல் இரண்டாண்டுக்குமேல் பட்ஜெட் இல்லாமல் மாநிலம் தத்தளித்தது. தொழிற்சங்கங்களை ஒடுக்கும் திட்டத்தை ஆளுநர் விடவில்லை, மேடிகனும் விடவில்லை. யார் பிடிவாதம் அதிகம் என்பதில் கருத்து வேறுபடலாம். பல்கலைக்கழகங்களும் சமூக நல அமைப்புகளும் பட்ட பாட்டில் வேறுபாடு இல்லை.

காலவரம்பு இந்த இருவரில் யாரைத் தீண்டியது? நெப்ராஸ்காவில், நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளிய முந்தைய முயற்சிகளுக்குப் பின், 2000இல் வாக்காளர் வரம்பு விதித்தனர்: தொடர்ந்து இரண்டு முறை, அதாவது எட்டு ஆண்டு. சேம்பர்ஸை வெளியேற்றவே இது என்று பலர் பேசிக்கொண்டனர். 2009 ஜனவரியில் வெளியேறினார். நான்காண்டு இடைவெளி விட்டு 2012இல் போட்டியிட்டு வென்றார். அதே நாளில், வரம்பை மூன்று முறையாகத் தளர்த்தும் திருத்தத்தை மாநிலம் நிராகரித்தது. இல்லினாயில், வரம்பு கோரி ரவுனர் 2014இல் திரட்டிய மனுவை நீதிமன்றம் வாக்குச்சீட்டிலிருந்து நீக்கிவிட்டது. ஆக, யாருக்கும் கட்டளையிட முடியாத மனிதரை வரம்பு வெளியேற்றியது. எல்லோருக்கும் கட்டளையிட்ட மனிதரை அது நெருங்கவேயில்லை.

வரம்பு விதித்த மாநிலங்களைப் பற்றிய ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. கேரி, நீமி, பாவெல் மூவரும் 2000இல் வெளியிட்ட நூலிலும், தேட் கூஸர் 2005இல் வெளியிட்ட நூலிலும் கிடைப்பது இதுதான்: வரம்புக்குப்பின் அதிகாரம் சட்டமன்றத்திலிருந்து ஆளுநர் பக்கம் நகர்கிறது, ஆளுநரின் பட்ஜெட்டைச் சட்டமன்றம் திருத்தும் அளவு குறைகிறது. கலிஃபோர்னியா 1990இல் வரம்பு கொண்டுவந்தபோது அவைத் தலைவர் வில்லி பிரவுனே இலக்கு. பிரவுன் 1995இல் போய்விட்டார். வரம்பின் கடுமையை அந்த மாநிலமே 2012இல் தளர்த்தி, ஒரே அவையில் 12 ஆண்டு வரை இருக்கலாம் என்றது.

சேம்பர்ஸுக்கு எதிரான வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 49இல் ஒருவர் மற்ற 48 பேரைக் காக்க வைப்பது எந்த ஜனநாயகம்? 2006இல் ஒமாஹாப் பள்ளி மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் திருத்தத்தை அவர் நுழைத்தபோது, இன அடிப்படையில் பள்ளிகளைப் பிரிப்பதாக நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மறு ஆண்டே சட்டம் ரத்தானது. தம் மக்கள் தம் பள்ளிகளைத் தாமே நடத்தட்டும் என்பது அவர் பதில். அந்தப் பதிலில் பொருள் உண்டு. முறையில் தவறு இருந்தது என்றே இக்கட்டுரை கருதுகிறது. ஆயினும் அந்தத் தவறை அவையே ஓராண்டில் திருத்திக்கொள்ள முடிந்தது. இல்லினாயில் திருத்தம் வர மத்திய அரசு வழக்கறிஞர்கள் தேவைப்பட்டனர்.

மேடிகனுக்குப்பின் வந்த கிறிஸ் வெல்ச்சின் அவை 2021இல் ஒரு புதிய விதியை எழுதிக்கொண்டது: தலைவர் பதவியில் ஒருவர் பத்தாண்டுக்குமேல் இருக்கக் கூடாது. உறுப்பினர் எத்தனை காலமும் இருக்கலாம். நோயைச் சரியாகக் கணித்த மருந்து இது. போதுமான அளவா என்பது வேறு கேள்வி, ஏனெனில் விதிகள் குழு இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

நெப்ராஸ்காவிலோ, சேம்பர்ஸின் கடைசி இரண்டு ஆண்டுகளில் உடன் உறுப்பினராக இருந்த மகேலா காவனா, 2023இல் திருநர் சிறாருக்கான மருத்துவத்தைக் கட்டுப்படுத்தும் மசோதாவை எதிர்த்து, கூட்டத்தொடர் முழுவதையுமே திருத்தங்களாலும் பேச்சாலும் வாரக்கணக்கில் இழுத்தடித்தார். மசோதா கடைசியில் நிறைவேறியது. விவாதத்தை முடிக்கத் தேவையான அதே 33 வாக்குகளுடன். அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், விவாதத்தை இழுக்கும் தீர்மானங்களை எத்தனை முறை கொண்டுவரலாம் என்பதை அவை சுருக்கிவிட்டிருந்தது. காவனாவின் எட்டாண்டு 2027 ஜனவரியில் முடிகிறது.